அம்பாசிடர் ஹாரனும் ஊர்த்தெருவும்

விழுப்புரத்தைத் தாண்டித் திருச்சி நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில், ஒரு டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கிடக்கும் செத்த லாரி பேட்டரி ஒன்றின் மேல் ‘ஆட்டோ எலக்ட்ரிக்கல்’ என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். லாரி, டிராக்டர், வேன் எது வந்தாலும் செல்ஃப் மோட்டார், டைனமோ, விளக்கு, ஹாரன் வேலை இங்கே நடக்கும்.

கடந்த வாரம் நாம் போனபோது கொட்டகைக்கு முன்னால் வெள்ளை அம்பாசிடர் கார் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. 1984-ஆம் வருட வண்டி, மார்க் 4. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் 71 வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் அவர்தான். ஹாரன் வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்திருந்தார்.

மெக்கானிக் நம்மைப் பார்த்துச் சொன்னார்: “கோயம்புத்தூர்லயே ரூட்ஸ் ஹாரன் செய்றாங்க சார். சில நூறு ரூபாய்க்குப் புதுசு வாங்கி அரை மணி நேரத்துல மாட்டிடலாம். மாமா வேணாங்கிறாரு. வண்டியோட வந்த ஹாரன்தான் அடிக்கணுமாம்.”

“அது அடிச்சாத்தான் மாப்ள கணக்கு தீரும்” என்றார் பெரியவர்.

என்ன கணக்கு என்று கேட்டோம். அதைக் கேட்கப் போய்த்தான் அன்று பகல் முழுக்க அந்தக் கொட்டகையிலேயே இருந்துவிட்டோம். இருவரும் தங்கள் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்றார்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிற நேரம். அதனால் அவற்றை விட்டுவிடுகிறோம்.

கை ஒன்று, தெரு ஒன்று

பெரியவர் டிரைவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. லாரியில் கிளீனராகப் போய், அங்கேயே ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்தவர். 1984-இல் ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவர் புதிதாக இந்த அம்பாசிடரை வாங்கினார். சுற்றுவட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு. காலனிக்காரராக இருந்தாலும் பரவாயில்லை என்று இவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அம்பாசிடரைப் பற்றி நமக்குத் தெரியும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1958 முதல் 2014 வரை தயாரித்த கார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்துச் செய்தது. அமைச்சர், கலெக்டர், டாக்டர், பண்ணையார் என்று அந்தக் காலத்தில் அதிகாரம் பயணம் செய்த வண்டி அது. ஊர்த்தெருவில் அதன் சத்தம் கேட்டால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பார்.

“பகல்ல அந்தத் தெருவுல ஹாரன் அடிச்சுக்கினு போவேன் சார். மாடு, வண்டி, மனுசன் எல்லாம் ஒதுங்கும். பின்னாடி முதலாளி உட்கார்ந்திருப்பாரு. சாயந்திரம் வண்டிய ஷெட்டுல விட்டுட்டு சைக்கிள எடுத்தா, அதே தெருவுல இறங்கித் தள்ளிக்கினு போவணும். காலைல ஹாரன் அடிச்ச அதே கைதான், சாயந்திரம் சைக்கிள் பெல்ல கூட தொடாது.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. ஏதோ வழி சொல்வதுபோலச் சொன்னார். தெருவின் தொடக்கத்தில் பிள்ளையார் கோயில். முடிவில் பால் சொசைட்டி. அதற்கு இடைப்பட்ட தூரம் இறங்கி நடக்க வேண்டும். அதைக் கடந்தால் ஏறிக்கொள்ளலாம்.

1999-இல் நிலக்காரர் வேறு கார் வாங்கினார். பழையதை விற்கப் பார்த்தார். பெரியவர் மனைவியின் தோடு, வைத்திருந்த இரண்டு மாடு, கொஞ்சம் கடன் எல்லாம் சேர்த்து அதை வாங்கினார். 15 வருடம் தான் துடைத்துத் துடைத்து வைத்த வண்டி. அதன் சத்தத்தில் என்ன மாறினாலும் அவருக்குத் தெரியும்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள், பிள்ளையார் கோயில் முனையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் வண்டியை மறிக்கவில்லை. ஒருவர் மட்டும் ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னாராம்: “வண்டி வரட்டும், போவட்டும். ஹாரன் மட்டும் இங்க வேணாம்.”

அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவர் ஹாரன் அடித்ததில்லை. வாடகைக்கு ஓட்டி மகனையும் மகளையும் படிக்க வைத்தார். திருவண்ணாமலை, வேலூர், திருப்பதி என்று ஊரெல்லாம் ஹாரன் அடித்தார். சொந்த ஊரின் நடுத்தெருவில் மட்டும், குறுக்கே கோழி நின்றால் கூட பிரேக் போட்டுக் காத்திருந்தார். 2003-இல் மகனுக்குக் கல்யாணம். பெண் அழைப்பு ஏரிக்கரை வழியாகச் சுற்றி வந்தது. காலனிக் கல்யாணம் எல்லாமே அந்த வழிதான்.

பத்து வருடமாக வாடகைக்கு ஓட்டுவதில்லை. வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொண்டு, வீட்டுப் பக்கம் கொட்டகை போட்டு நிறுத்தியிருக்கிறார். அவ்வப்போது ஸ்டார்ட் செய்வார். ஹாரனை மட்டும் தொடுவதில்லை.

இப்போது பேத்திக்குக் கல்யாணம். நர்ஸிங் படித்து வேலைக்குப் போகிற பெண். “தாத்தா காருலதான் வருவேன், நடுத்தெரு வழியாத்தான் வருவேன், நீங்கதான் ஓட்டணும், ஹாரன் அடிச்சு ஓட்டணும்” என்று சொல்லிவிட்டாள். தாத்தா கொட்டகைக்குப் போய் ஹாரனை அழுத்திப் பார்த்தார். சத்தமே வரவில்லை.

பழுது எங்கே?

ஹாரன் என்பது பார்க்கச் சின்னப் பொருள். உள்ளே நடக்கிற வேலை நுட்பமானது. மெக்கானிக் சொன்னதை நமக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம்.

வட்டமான மெல்லிய இரும்புத் தகடு ஒன்று. அதற்குப் பின்னால் செம்புக் கம்பி சுற்றிய காயில். பட்டனை அழுத்தினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் போகும். காயில் காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகடு நகரும்போதே உள்ளே உள்ள இரண்டு பாயின்ட்டுகளைப் பிரித்துவிடும். கரண்ட் அறுந்துவிடும். தகடு பழைய இடத்துக்குத் துள்ளும். பாயின்ட் மறுபடி ஒட்டும். மறுபடி இழுப்பு. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. அந்தத் துடிப்புதான் சத்தமாகக் கேட்கிறது. பழைய கார்களில் இரண்டு ஹாரன் இருக்கும். ஒன்று கீச்சுக் குரல், ஒன்று கட்டைக் குரல். இரண்டும் சேர்ந்தால்தான் அம்பாசிடர் சத்தம்.

மெக்கானிக் எடுத்தவுடன் ஹாரனைக் கழற்றவில்லை. முதலில் பேட்டரி. அது சரி. அடுத்து ஃபியூஸ். அது போயிருக்கவில்லை, ஆனால் அதைப் பிடித்திருக்கும் கவ்வியில் பச்சைப் பாசிபோல் களிம்பு. உப்புத்தாளில் தேய்த்துத் துடைத்தார். அடுத்து ஹாரனுக்குப் போகிற ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார். விளக்கு எரிந்தது. அப்படியானால் லைன் வருகிறது. இந்த வண்டியில் ஹாரன் பட்டன் வேலை செய்வது எர்த் பக்கம். பட்டனிலிருந்து ஸ்டியரிங் குழாய் வழியாக ஒரு ஒயர் இறங்குகிறது. அதன் உறை வெடித்து, ஓரிடத்தில் இரண்டே இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாற்றினார்.

“நெறைய பேர் ஒயரப் பாக்காமலே ஹாரன் போச்சுன்னு சொல்லிப் புதுசு மாட்டிடுவாங்க சார். அதுவும் ஒரு மாசத்துல அடங்கிடும். முதல்ல வழியப் பாக்கணும், அப்புறம்தான் ஆளப் பாக்கணும்.”

பிறகு இரண்டு ஹாரனையும் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தார். ஒன்று தொண்டை கட்டியவர்போல் கரகரத்தது. இன்னொன்றில் சத்தமே இல்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தமாவது வந்தால் காயில் இழுக்கிறது என்று அர்த்தம். அதுவும் இல்லை என்றால், காயில் அறுந்திருக்க வேண்டும் அல்லது பாயின்ட் ஒட்டவில்லை.

சத்தம் வராததைத் திறந்தார். சுற்றிலும் சின்னச் சின்ன ஸ்க்ரூ. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தும் இரண்டு அசையவில்லை. துளை போட்டு எடுத்தார். நத்தைக் கூடுபோலச் சுருண்ட ஊதுகுழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தகட்டின் ஓரமெல்லாம் துரு. பாயின்ட்டுகள் கறுத்துப்போய், நடுவில் கரி படிந்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் காயில் உயிரோடு இருந்தது.

“காயில் போகல மாமா. பாயின்ட்டுதான் ஒட்ட மாட்டேங்குது. அடிச்சுக்கினே இருந்தா இது ஒண்ணும் ஆகியிருக்காது. அடிக்காம விட்டதுலதான் கறுத்துப் போச்சு.”

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதானே” என்றார்.

மென்மையான உப்புத்தாளால் பாயின்ட்டை இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்தார். தேய்த்த தூள் உள்ளே தங்கக் கூடாது என்று பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். தகட்டின் துருவை எடுத்தார். பழைய பேக்கிங் அட்டை நைந்து போயிருந்தது. கையால் புதிது வெட்டினார். வெட்டுவதற்கு முன் பழைய அட்டையின் தடிமனை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அட்டை தடித்தாலும் மெலிந்தாலும் காயிலுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். இடைவெளி மாறினால் குரல் மாறிவிடும்.

கடைசி வேலை, பின்பக்கத்து ஸ்க்ரூவைத் திருப்பிச் சத்தத்தைப் பிடிப்பது. முழுச் சுற்று கூடாது. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்ப வேண்டும், அடித்துப் பார்க்க வேண்டும், மறுபடி திருப்ப வேண்டும். முதலில் ஒரு இருமல். அடுத்து ஒரு கரகரப்பு. அடுத்து சட்டென்று முழுக் குரல். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு அவர் நிறுத்தவில்லை. ஆம்ப் மீட்டரை வைத்து ஹாரன் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்து, இன்னும் ஒரு மயிரிழை பின்னால் திருப்பி, நட்டை இறுக்கி, அதன்மேல் ஒரு பொட்டு பெயின்ட் வைத்தார். சத்தம் நன்றாக இருந்தாலும் அதிகக் கரண்ட் இழுத்தால் பாயின்ட் சீக்கிரம் தீய்ந்துவிடுமாம். கரகரத்த இன்னொரு ஹாரனுக்கும் இதே வைத்தியம் செய்தார்.

‘ரத்தத்துல வந்தது இல்ல சார்’

இதைப் பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் பாராட்டாகத்தான் சொன்னார்: “அண்ணனுக்குக் காது பரம்பரையா வந்தது. அவங்க அப்பா பறை அடிக்கிறவரு இல்ல? ரத்தத்துலயே இருக்குது.”

மெக்கானிக் சிரித்தார். டிரைவர் போன பிறகு நம்மிடம் சொன்னார்: “எங்க நைனா நல்லா அடிப்பாரு, அது நெசம். ஆனா அவருக்கும் அது ரத்தத்துல வரல. சின்னதுல இருந்து அடி வாங்கிக் கத்துக்கினாரு. எனக்கும் இது ரத்தத்துல வரல. 13 வயசுல பட்டறைக்குப் போனேன். மூணு வருசம் திருப்புளியத் தொட விடல.”

விழுப்புரத்தில் ஒரு பட்டறை. அங்கே இவருக்கு வேலை, கழற்றிய சாமானை மண்ணெண்ணெயில் கழுவுவதும் டீ வாங்கி வருவதும். அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பையன்கள் ஆறே மாதத்தில் ஒயரிங் பிடித்தார்கள். இவர் கழுவிக்கொண்டே இருந்தார். காரணத்தை யாரும் வாயால் சொல்லவில்லை. டீ கொடுத்த டம்ளர் மட்டும் சொன்னது என்கிறார்.

கழிவென்று மூலையில் வீசிய ஹாரன்களை இரவில் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். எது எதோடு ஒட்டுகிறது, எது எதை இழுக்கிறது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டார். ஒருநாள் முதலாளி இல்லாத நேரம் ஒரு வண்டி அவசரமாக வந்தது. இவர் சரி செய்துகொடுத்தார். திரும்பி வந்த முதலாளி திட்டவில்லை. வண்டிக்காரரிடம் அதை அந்த இரண்டு பையன்களில் ஒருவன் செய்ததாகச் சொன்னார்.

“வேலை தெரியலேன்னா உனக்கு வராதும்பாங்க. வேலை தெரிஞ்சா உன் ரத்தத்துல இருக்குதும்பாங்க. நான் உட்கார்ந்து கத்துக்கிட்ட 30 வருசம் ரெண்டுலயும் இல்ல பாத்தீங்களா?”

நம் பகுதியில் திறமையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக யாரும் நமக்குச் சொன்னதில்லை.

சாளிஸ்காவ் சொல்லும் பாடம்

சாலையில் போகும் உரிமையும் வண்டி ஓட்டும் கைத்திறனும் வேறு வேறு விஷயங்கள் என்றுதான் தோன்றும். அண்ணல் அம்பேத்கர் வாழ்வில் நடந்த ஒரு சம்பவம் இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. தன் நினைவுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

1929-ஆம் ஆண்டு. தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். ஊர் ஊராகப் போய்த் திரும்பும் வழியில் மகாராஷ்டிரத்தின் சாளிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். அங்கிருந்த மக்கள் ஓர் இரவு தங்கிப் போகும்படி கேட்டுக்கொண்டார்கள். அவரை நடக்க வைத்து அழைத்துப் போவது மரியாதை இல்லை என்று குதிரை வண்டி தேடினார்கள். வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. அவர் வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில் ஓர் ஏற்பாடு: வண்டியைத் தருவார்கள், ஆனால் ஓட்ட வரமாட்டார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். சிறுபாலம் ஒன்றில் சக்கரம் கல் இடுக்கில் சிக்கியது. அம்பேத்கர் கல் தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன.

சட்டம் படித்த அறிஞர், அரசுக் குழு உறுப்பினர். சாலை இருந்தது, வண்டியும் கிடைத்தது. ஓட்டத் தெரிந்த கை மறுக்கப்பட்டது. ஓட்ட முன்வந்த கைக்கோ கற்றுக்கொள்ள வாய்ப்பே தரப்பட்டதில்லை. தன்னை அழைத்துப் போன மக்களை அம்பேத்கர் குறை சொல்லவில்லை. தங்கள் தலைவரின் மானம் போகக் கூடாது என்று நினைத்தவர்கள் அவர்கள்.

அன்று சாளிஸ்காவில் இல்லாத கைகள்தான் இன்று நம் கண் முன்னால் இந்தத் தகரக் கொட்டகையில் இருக்கின்றன. ஒன்று ஓட்டுகிற கை, மற்றது பழுது பார்க்கிற கை.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுச்சாலை எல்லோருக்கும் பொது என்பது நேற்று வந்த சட்டம் இல்லை. 1924-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும், அதைத் தொடர்ந்து அதே ஆண்டு வந்த அரசாணையும், பொதுத் தெரு, சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்றன. அதாவது, பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது அந்த ஆணைக்கு வயது 60.

1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறி வலுப்பெற்றது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டத்துக்கு 2015-இல் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தை நம் வாசகர்கள் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் இனத்தவர் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, செருப்போ புத்தாடையோ அணிவது, கல்யாண ஊர்வலம் நடத்துவது, அந்த ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு எந்த வாகனத்திலோ ஏறி வருவது ஆகியவற்றைத் தடுப்பது இப்போது பெயர் சொல்லிக் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். கடமையைச் செய்யாமல் விடும் அரசு ஊழியர் மீதும் இதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு பாயும்.

இன்னொரு சட்டமும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 119-ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் வண்டி வருவதைப் போதிய அளவு எச்சரிக்கும் ஹாரன் இருக்க வேண்டும் என்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பெரியவர் வண்டிக்கு அடுத்த மாதம் அந்த முறை வருகிறது. அதிகாரி ஹாரனை அழுத்திப் பார்ப்பார். ஹாரன் அடிக்காவிட்டால் வண்டி தேறாது. அரசு அடித்துக் காட்டச் சொல்லும் ஹாரனை, பிள்ளையார் கோயில் முனை மட்டும் இத்தனை வருடம் அடிக்காதே என்றது.

ஊர்வலத்துக்குத் தடை வரலாம் என்று அஞ்சுகிறவர்கள் முன்கூட்டியே காவல் நிலையத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் மனு கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். கலெக்டர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566. கட்டணம் இல்லை.

பெரியவர் வீட்டில் மனு எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் கொடுக்கவில்லை. “ஊர்ல நாலு பெரியவங்ககிட்ட முதல்ல சொல்லுவோம்னு பாக்கிறேன். பகை இழுக்கறதுக்கு இல்ல சார் இந்தக் கல்யாணம். சொல்லிப் பாத்து ஆகலேன்னா மனு இருக்குது” என்றார். பேத்திக்கு இதில் உடன்பாடு இல்லை என்பதையும் அவரே சொன்னார். “ரோட்ல வர்றதுக்கு எதுக்கு தாத்தா ஒருத்தர்கிட்ட சொல்லணும்?” என்று கேட்கிறாளாம். நம்மைக் கேட்டால் நாம் பேத்தி பக்கம்தான். ஆனால், அந்தத் தெருவில் 50 வருடம் நடந்தவர் அவர் என்பதால் மறுத்துப் பேசவில்லை.

கூலியும் சான்றிதழும்

மெக்கானிக்கிடம் இப்போது இரண்டு இளைஞர்கள் வேலை கற்கிறார்கள். ஒருவர் ஐ.டி.ஐ. முடித்தவர். மற்றவர் பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டவர். சேர்ந்த முதல் நாளே அவர்கள் கையில் டெஸ்ட் லாம்ப்பைக் கொடுத்துவிடுவாராம். “கழுவுற வேலைய நானும் சேர்ந்து செய்றேன்” என்கிறார்.

இடம் வாடகை. மின்சார இணைப்பு டீக்கடையிலிருந்து வருகிறது. கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போயிருக்கிறார். படிப்புச் சான்று எங்கே, தொழில் சான்று எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதோடு விட்டுவிட்டார்.

விட்டிருக்கத் தேவையில்லை. பட்டியல் இன, பழங்குடித் தொழில்முனைவோருக்கென 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். 1974 முதல் இயங்கும் தாட்கோ மூலமும் மானியத்தோடு கடன் உதவி கிடைக்கிறது. பள்ளியில் படிக்காமல் பட்டறையில் கற்றவர்களின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். இந்தத் தகவல் நெடுஞ்சாலை ஓரக் கொட்டகைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் குறை. வங்கியும் தொழில் மையமும் ஊருக்கு ஒருநாள் முகாம் போட்டால் இவரைப் போன்றவர்கள் கைவேலையை நிறுத்தாமலேயே மனு கொடுத்துவிடுவார்கள்.

மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. ஹாரனுக்கு ரிலே ஒன்றும் புதிதாகச் சேர்த்திருந்தார். இனி முழுக் கரண்டும் பட்டன் வழியாகப் போகாது, பட்டன் தீயாது. பெரியவர் எவ்வளவு என்று கேட்டார். மெக்கானிக் சாமானுக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துச் சொன்னார். சொந்தக்காரரிடம் கூலி வாங்குகிறாரே என்று நாம் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார்.

“வேலைக்குக் கூலி வாங்கணும் சார். எங்க நைனா சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிச்சதுக்கெல்லாம் கூலி கேட்டதில்ல. குடுத்தத வாங்கிக்கினாரு. நான் கேட்டு வாங்குவேன். மாமாகிட்டயும்தான்.”

பெரியவர் எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை.

பிள்ளையார் கோயில் முனை

வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் கிளம்பினார். நாமும் ஏறிக்கொண்டோம். மெக்கானிக் முன்சீட்டில் உட்கார்ந்தார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளைத் தாண்டி, சுமார் 20 நிமிடத்தில் ஊர் வந்தது. வழியெல்லாம் இரண்டு மூன்று இடத்தில் ஹாரன் அடித்தார். இரண்டு குரலும் சேர்ந்து தெளிவாகக் கேட்டது.

பிள்ளையார் கோயில் முனை திரும்பியதும் அவர் கை ஸ்டியரிங்கின் ஓரத்துக்குப் போய்விட்டது. பழக்கம். தெருவின் நடுவில் ஒரு பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு செயினை மாட்டிக்கொண்டிருந்தான். வண்டி நின்றது. பையன் கவனிக்கவில்லை. பெரியவர் காத்திருந்தார். நாம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு அவர் கை நடுவுக்கு வந்தது. ஒரே ஒரு தடவை, சின்னதாக அடித்தார்.

பையன் திரும்பிப் பார்த்து, சைக்கிளை ஓரமாகத் தூக்கி வைத்தான். திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினார். கடை வாசலில் நின்ற இரண்டு பேர் வண்டி போகும்வரை பார்த்தபடியே இருந்தார்கள். ஒருவர் ஏதோ சொன்னார், நமக்குக் கேட்கவில்லை. பால் சொசைட்டியைத் தாண்டி வண்டி காலனிக்குள் நுழைந்தது.

கல்யாணத்தன்று எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. தனியாக ஒரு கார் போவது வேறு. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் சனமுமாகப் போவது வேறு. மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் அந்த வேறுபாட்டை அறிந்தவர்கள்தான். மனு வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பேத்தி ஓடி வந்து கேட்டாள்: “தாத்தா, தெருவுல அடிச்சது நம்ம வண்டியா?”

“பின்ன?” என்றார் பெரியவர்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒயரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். கிளம்பும்போது பெரியவரிடம் ஒன்று மட்டும் சொன்னார்: “மாமா, தினம் ஒரு தடவையாவது அடிங்க. சும்மா விட்டீங்கன்னா மறுபடி பாயின்ட் கறுத்துப் போவும்.”